கோணல் பிறக்கும் இடம்: ஆம்பூர் வட்டாரச் சி.என்.சி. செதுக்கலில் பிழை தேடும் முறை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் வட்டாரத்தைப் பற்றி எழுதுவோர் பதனிடும் தொழிற்சாலைகளையும் காலணித் தையல் கூடங்களையும் விரிவாகக் கூறுவர். அவ்விரண்டுக்கும் வேண்டிய அச்சுகளையும் பலகைகளையும் வெட்டித் தரும் சிறு பட்டறைகளுக்கு ஒரு வரி ஒதுக்குவதும் அரிது. பதனிடாத தோலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவதை மைய அரசு 1970களில் கட்டுப்படுத்தத் தொடங்கியதையடுத்து, இவ்வட்டாரம் முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும், பின்னர் ஷூவின் மேற்பாகமான அப்பருக்கும், முழு ஷூவுக்கும் படிப்படியாக நகர்ந்தது. ஷூ வந்த பிறகே கட்டிங் டை, எம்பாஸிங் பிளாக், தையல் பேலட் ஆகியவற்றின் தேவை பெருகிற்று. அத்தேவையே கைச்செதுக்கலும் அமில அரிப்பும் நடந்த இடங்களில் கணினி வழி இயங்கும் செதுக்கு இயந்திரங்களை, அதாவது சி.என்.சி. ரூட்டர்களைக் கொண்டுவந்து நிறுத்தியது.

இவ்வியந்திரத்தின் மேசை அசையாதிருக்க, அதன் மேல் பாலம் போன்ற கேன்ட்ரி முன்னும் பின்னும் நகரும்; கேன்ட்ரியின் மீது இடவலமாகவும் மேல்கீழாகவும் நகரும் தலையில் ஸ்பிண்டில் எனப்படும் சுழல்மோட்டார் பொருத்தப்பட்டிருக்கும்; அதன் நுனியில் காலட் என்னும் பிடிவளையம் கட்டரைக் கவ்வியிருக்கும். தோல் வட்டாரத்தில் இவ்வியந்திரம் பெரும்பாலும் இரண்டு வேலைகளுக்குப் பயன்படுகிறது. முதலாவது, தோலில் பூவேலையோ வணிகச் சின்னமோ அழுந்தப் பதிக்கும் பித்தளை, அலுமினிய எம்பாஸிங் பிளாக்குகளைச் செதுக்குவது. இரண்டாவது, கணினித் தையல் இயந்திரத்தில் அப்பர் துண்டுகளை அசையாமல் பிடித்துக்கொள்ளும் பேலட்டுகளை வெட்டுவது. பேலட் என்பது புத்தகம்போல மூடித் திறக்கும் பிவிசி தகடுகளின் அடுக்கு; அதில் ஊசி செல்லும் வழி முழுவதும் ஒரு காடி வெட்டப்பட்டிருக்கும்.

தோலே இழுத்தால் நீளும் பொருளாயிற்றே, அதற்கான கருவிகளில் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கைத் தேடுவது எதற்கு என்ற கேள்வி இத்தொழிலுக்குப் புதிதாக வருவோரிடம் எழுவது இயல்பே. ஒரு தோல் துண்டு நீண்டால் அந்த ஒரு துண்டோடு பிழை முடிந்துவிடும். பேலட்டில் உள்ள பிழையோ அதில் தைக்கப்படும் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும். விளிம்பிலிருந்து 1.5 அல்லது 2 மி.மீ. உள்ளே ஓட வேண்டிய தையல் ஓரிடத்தில் 1.2 மி.மீ. ஆகிவிட்டால், வெளிநாட்டுக் கொள்முதல் நிறுவனத்தின் தர ஆய்வாளர் அதை அளவுகோல் இன்றியே கண்டுவிடுவார். ஊசிக்கும் பேலட் விளிம்புக்கும் இடையிலான இடைவெளியும் பெரிதன்று. 100 என்று எண்ணிடப்பட்ட ஊசியின் தண்டு சரியாக 1 மி.மீ. விட்டம் உடையது, காடி இடம் மாறினால் ஊசி பிவிசியில் மோதி முறியும்.

கட்டரின் மையம் எவ்வழியே, எந்த ஆழத்தில், எந்த வேகத்தில் செல்ல வேண்டும் என்று மென்பொருள் வகுத்துத் தரும் வழியே கருவிப்பாதை. பட்டறையில் டூல்பாத் என்றே வழங்கும். வடிவமைப்பாளரின் கோடு முதலில் கருவிப்பாதையாகிறது, பாதை ஜி-கோடு என்னும் கட்டளை வரிகளாகிறது, அவ்வரிகளைக் கட்டுப்பாட்டுப் பெட்டி மின்துடிப்புகளாக்குகிறது, துடிப்புகள் மோட்டாரைத் திருப்ப, மோட்டார் திருகையோ பல்சட்டத்தையோ நகர்த்த, இறுதியில் கட்டர் பொருளைத் தொடுகிறது. எண்களால் ஆளப்படும் முதல் மில்லிங் இயந்திரம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 1952இல் காட்டப்பட்ட காலந்தொட்டு இச்சங்கிலியின் அமைப்பு பெரிதாக மாறிவிடவில்லை. பிழை இதன் எந்தக் கண்ணியிலும் நுழையலாம் என்பதும், நுழைந்த இடம் எதுவாயினும் பழி மோட்டாரின் மீதே விழும் என்பதும் இக்கட்டுரையாளர் இவ்வட்டாரப் பட்டறைகளில் தொடர்ந்து கண்டுவந்தவை. மோட்டாரைக் கழற்றிச் சென்னைக்கோ பெங்களூருவுக்கோ அனுப்பிவிட்டு வேலையை நிறுத்தி வைப்பதற்கு முன், செலவின்றிச் செய்யத்தக்க சோதனைகள் பல உள்ளன.

அவற்றுள் தலையாயது பேனாச் சோதனை. அப்பர் துண்டுகளில் தையல் குறியிடப் பயன்படும் சில்வர் ரீஃபில் இவ்வட்டாரத்தில் எந்தத் தையல் மேசையிலும் கிடைக்கும். உள்ளங்கால் அட்டையான இன்சோல் போர்டின் கழிவுத் துண்டுகளுக்கும் பஞ்சமில்லை. கட்டரைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் ரீஃபிலை ஆடாமல் பொருத்தி, ஸ்பிண்டிலைச் சுழற்றாமல், பிழை நேர்ந்த அதே கோப்பை அட்டையின் மேல் ஓட்ட வேண்டும். பேனா எதையும் வெட்டுவதில்லை; ஆகவே அதன் மீது வெட்டுவிசை ஏதும் இல்லை. பேனா வரைந்த கோடு சரியாகவும் கட்டர் வெட்டிய வடிவம் தவறாகவும் இருந்தால், குற்றம் கட்டரிலோ, காலட்டிலோ, பொருளைப் பிடித்த விதத்திலோ, கேன்ட்ரியின் உறுதிக் குறைவிலோ இருக்கிறது. பேனாக் கோடும் தவறாக வந்தால் கோப்பு, கட்டுப்பாட்டுப் பெட்டியின் அமைப்பு, திருகுகள் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும். சில நிமிடங்களில் பாதிக் காரணங்கள் விலகிவிடுகின்ற இச்சோதனையைச் செய்யாமல் தொடங்கும் எந்தப் பழுதுபார்ப்பும் ஊகமே.

இரண்டாம் சோதனை வட்டம். நான்கு அங்குல அளவில் வரைந்த அல்லது வெட்டிய ஒரு வட்டம், இயந்திரத்தின் நோயை ஓரளவு தானே எழுதிக்காட்டும். கடிகார முகப்பில் 12, 3, 6, 9 ஆகிய நான்கு இடங்களிலும் சிறு படியோ தட்டையோ தெரிந்தால், அங்கெல்லாம் ஏதேனும் ஓர் அச்சு திசை திரும்புகிறது என்பதால், அது பேக்லாஷ். அதாவது திருகுக்கும் அதன் நட்டுக்கும் இடையில் தேய்மானத்தால் உண்டான வெற்று ஆட்டம். வட்டம் நேராக நின்ற முட்டையாக வந்தால் ஓர் அச்சின் அளவுக் கணக்கு தவறு. முட்டை சாய்ந்து, நீண்ட விட்டம் 45 பாகையில் நின்றால் இரண்டு அச்சுகளும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இல்லை. தொடங்கிய புள்ளியும் முடிந்த புள்ளியும் கூடாவிட்டால் மோட்டார் இடையில் துடிப்புகளைத் தவறவிட்டிருக்கிறது. செர்வோ மோட்டார் உள்ள இயந்திரத்தில் வேகம் கூட்டக் கூட்ட வட்டம் சிறுத்தால், கட்டளைக்குப் பின்னே மோட்டார் தாமதித்து வருகிறது.

இவற்றுள் செங்கோணப் பிழையே காலணித் தொழிலில் மிகுந்த குழப்பம் விளைவிப்பது. ஆகவே அதைச் சற்று விரிவாகக் காண்பது தகும். மரப்பலகையில் பெயர்ப்பலகை வெட்டுவோருக்கு, அரை மில்லிமீட்டர் சாய்வு கண்ணில் படாமலே போகலாம். ஷூவுக்கு இடது, வலது என்று இரண்டு உண்டு. ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். சாய்ந்த இயந்திரம் இரண்டு வடிவங்களையும் ஒரே பக்கமாகச் சாய்க்கிறது. கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டியவை ஒரே திசையில் சாய்ந்தால் அவை பிம்பங்களாக இருப்பதில்லை. இடதில் தையல் விளிம்பை நெருங்கும் இடத்தில் வலதில் விலகும், பிழை இரட்டிப்பாகும். 600 மி.மீ. பக்கமுள்ள சதுரத்தை வரைந்து அதன் மூலைவிட்டங்களை அளந்தால் ஒவ்வொன்றும் 848.5 மி.மீ. இருத்தல் வேண்டும். அவ்விரண்டுக்கும் இடையில் 1 மி.மீ. வேறுபாடு இருந்தாலே, 600 மி.மீ. நீளத்துக்குச் சாய்வு ஏறத்தாழ 0.7 மி.மீ. ஆகிறது, 250 மி.மீ. நீளமுள்ள அப்பரில் அது 0.3 மி.மீ.; ஜோடி சேர்த்துப் பார்க்கையில் 0.6 மி.மீ. "லெஃப்ட் சரியாக இருக்கிறது, ரைட் மட்டும் இடிக்கிறது" என்று தையல் கூடத்திலிருந்து வரும் புகாரின் பின்னே பெரும்பாலும் இதுவே நிற்கும். உண்மையில் இரண்டுமே தவறாக வெட்டப்பட்டவை.

வலது பேலட்டை மேசையில் 90 பாகை திருப்பி வைத்து வெட்டினால் ஜோடி பொருந்திவிடுகிறது என்று கண்டு, அதையே வழக்கமாக்கிக்கொண்ட பட்டறைகளும் உண்டு. கணக்குப்படி இது உண்மைதான். கால் சுற்று திருப்பும்போது சாய்வின் திசை எதிர்மாறாகி, இரு பிழைகளும் ஒன்றுக்கொன்று பிம்பமாகிவிடுகின்றன. ஜோடி பொருந்துவதால் வடிவம் சரியாகிவிடாது என்பதும், அந்தப் பேலட் வேறோர் இயந்திரத்தில் வெட்டிய உறுப்போடு சேரும்போது மறைந்திருந்த சாய்வு வெளிப்படும் என்பதும் இந்தச் சாமர்த்தியத்தில் விடுபட்டுப் போகின்றன. கேன்ட்ரியின் ஒரு காலைத் தளர்த்தி, மூலைவிட்டங்கள் ஒக்கும்வரை நகர்த்தி, மீண்டும் இறுக்குவதே செய்யத்தக்கது.

பேக்லாஷை அளக்க ஒரு டயல் கேஜ் போதும். அதன் முள் நுனியைத் தலைப்பகுதியில் முட்டுமாறு நிறுத்தி, ஒரே திசையில் சிறிது நகர்த்திய பின், திசை மாற்றி 0.01 மி.மீ. வீதம் கட்டளையிட வேண்டும். முள் அசையாமல் விழுங்கப்பட்ட அளவே வெற்று ஆட்டம். அவ்வளவைக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் எழுதி, மென்பொருள் வழியே ஈடுசெய்யும் வசதி உண்டு. துளையிடுவதற்கு அது உதவலாம். செதுக்கலுக்கு அது நம்பத்தகாதது. வெட்டுவிசை கட்டரைத் தள்ளும்போது, திருகு நகராமலே தலை அந்த இடைவெளிக்குள் முன்னும் பின்னும் ஆடும். எண்ணால் அதைத் தடுக்க இயலாது. நட்டை மாற்றுவதே தீர்வு.

எம்பாஸிங் பிளாக்கின் பிழைகள் வேறு வகையைச் சேர்ந்தவை. இங்கே நுண்கோடுகள் பெரும்பாலும் வி-பிட் என்னும் கூம்பு நுனிக் கட்டரால் வெட்டப்படுகின்றன; இக்கட்டரில் கோட்டின் அகலத்தை முடிவுசெய்வது ஆழமே. 90 பாகை நுனியில், கோட்டின் அகலம் ஆழத்தைப் போல் இரு மடங்கு. 60 பாகை நுனியில் ஏறத்தாழ 1.15 மடங்கு. சின்னம் ஒன்றில் 0.4 மி.மீ. அகலக் கோடு வேண்டுமென்றால், 90 பாகை நுனி 0.2 மி.மீ. ஆழம் மட்டுமே இறங்குகிறது. பித்தளைக் கட்டியின் மேற்பரப்பு ஒரு மூலையில் 0.1 மி.மீ. உயர்ந்திருந்தால், அங்கே கோடு 0.6 மி.மீ. ஆகிவிடும், எதிர் மூலை அதே அளவு தாழ்ந்திருந்தால் 0.2 மி.மீ.க்கு மெலியும். ஒரே சொல்லின் முதல் எழுத்து தடித்தும் கடைசி எழுத்து மெலிந்தும் வரும் பிளாக்கைக் கண்டு, வரைபடத்தில் எழுத்தின் தடிப்பை மாற்றியவர்கள் உண்டு. வேண்டியதெல்லாம் கட்டியை மேசையில் பிணைத்த பின், அதே இயந்திரத்தில், அதே பிடிப்பில், முதலில் அதன் முகத்தை ஒரு தட்டை கட்டரால் சீவிச் சமன் செய்துகொள்வதே. பிடிப்பைத் தளர்த்தாமல் அப்படியே செதுக்கலைத் தொடங்க வேண்டும். கூம்பின் நுனி உண்மையில் கூராக இருப்பதில்லை என்பதையும் நினைவில் வைத்தல் நலம். 0.1 அல்லது 0.2 மி.மீ. தட்டை நுனியோடு விற்கப்படும் கட்டரை மென்பொருளில் முழுக் கூராகப் பதிவு செய்தால், எல்லாக் கோடுகளும் அந்த அளவுக்குத் தடிக்கும்.

கோடு கூர்மையாகப் பதியவில்லை என்ற புகார் எப்போதும் பிளாக்கின் குற்றமாக இருப்பதில்லை. ஆவாரம்பட்டை முதலிய தாவரச் சாற்றில் பதனிட்ட இ.ஐ. (கிழக்கிந்திய) தோல், இவ்வட்டாரத்தின் பழம்பெயர். அது அழுத்தத்தை வாங்கி அப்படியே நிறுத்திக்கொள்ளும். குரோமிய உப்பில் பதனிட்ட தோலோ நெகிழ்ந்து ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பும். ஒரே பிளாக் ஒன்றில் கூராகவும் மற்றதில் மழுங்கியும் பதிவதைக் காட்டினாலொழிய வாடிக்கையாளர் நம்பமாட்டார். ஆகவே இருவகைத் தோல் துண்டுகளையும் பட்டறையில் வைத்திருப்பது வீண் செலவாகாது.

அடுத்து வருவது மூலை மழுங்குதல். உட்புற மூலை கட்டரின் ஆரத்தைவிடக் கூராக வராது என்பது யாவரும் அறிந்தது, 3 மி.மீ. கட்டர் 1.5 மி.மீ. வளைவை விட்டே செல்லும். அறியப்படாதது வேகத்தால் வரும் மழுங்கல். கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு மூலையிலும் நின்று திரும்பும் முறை ஜி61 என்றும், நிற்காமல் வேகத்தைக் காத்து வளையும் முறை ஜி64 என்றும் குறிக்கப்படுகின்றன. இரண்டாம் முறையில், முதல் கோட்டின் வேகம் தணியத் தொடங்கும்போதே அடுத்த கோடு தொடங்கிவிடுவதால், மூலை உட்புறமாக வெட்டுப்படுகிறது. நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகமும், நொடிக்கு நொடி 500 மி.மீ. என்ற முடுக்கமும் உள்ள இயந்திரத்தில், செங்கோண மூலை ஏறத்தாழ 0.9 மி.மீ. இழக்கும். வேகத்தைப் பாதியாக்கினால் இழப்பு பாதியாகாமல் கால்பங்காகக் குறைந்து 0.2 மி.மீ. அளவுக்கு வந்துவிடும், ஏனெனில் இப்பிழை வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. பெரிய பேலட்டின் நீள விளிம்புகளை வேகமாகவும், ப்ரோக் வகை ஷூவின் முகப்புப் பூவேலை போன்ற நுண்பகுதிகளைத் தனிப் பாதையாகப் பிரித்து மெதுவாகவும் ஓட்டுவது இதனால் பொருளுடையதாகிறது.

வளைவுகள் சொரசொரப்பாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் கோப்பு. காலணி வடிவமைப்பு மென்பொருள்கள் வளைவை வளைவாக அனுப்பாமல், சிறு நேர்கோடுகளின் தொடராக உடைத்து அனுப்புவது வழக்கம். 5 மி.மீ. ஆர வளைவை 1 மி.மீ. நேர்கோடுகளாக உடைத்தால், கோட்டுக்கும் வளைவுக்கும் இடையிலான மிகப் பெரிய விலகல் 0.025 மி.மீ. மட்டுமே, பிவிசி காடிக்கு அது போதும், பளபளப்பான பித்தளையில் அது முகம் முகமாகத் தெரியும். மேலும் நுணுக்கமாக உடைத்தால் குற்றம் நீங்கும் என்று எண்ணி ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் திணித்தால், பழைய கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒவ்வொரு புள்ளியிலும் தயங்கி அதிரும். சொரசொரப்பு வேறு உருவில் திரும்பும். மென்பொருளில் வளைவுகளை மீட்டு, ஜி02, ஜி03 என்னும் வட்டவில் கட்டளைகளாக மாற்றிக்கொள்வதே சிறந்தது.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டிய வட்டாரம் இது. கத்திரி வெயில் காலத்தில் வேலூர்ப் பகுதியில் 40 பாகை செல்சியசைக் கடப்பது வாடிக்கை. தகரக் கூரையின் கீழே அதனினும் மிகும். பிவிசி ஒரு மீட்டருக்கு, ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.07 மி.மீ. விரியும், 300 மி.மீ. பேலட்டைப் பட்டறை வெப்பத்தில் வெட்டி, அதனினும் 10 பாகை குளிர்ந்த தையல் கூடத்துக்கு அனுப்பினால், அது 0.2 மி.மீ. சுருங்கியிருக்கும். பித்தளையின் விரிவு அதனினும் மிகக் குறைவு. ஆயினும் சூடேற்றிய பிரஸ்சில் 80 பாகை உயரும்போது 100 மி.மீ. பிளாக் 0.15 மி.மீ. வளர்கிறது. முன்பே துளையிட்ட தோலின் மேல் பதிக்க வேண்டிய வேலைகளில் மட்டும் இது கருத்தில் கொள்ளத்தக்கது.

கட்டர், காலட், பிடிப்பு ஆகியவை எளிய செய்திகள். காலட்டுக்குள் பிவிசித் தூள் படிந்தால் கட்டர் மையம் விலகிச் சுழலும், காடி அகலும். கட்டரை வேண்டியதற்கு மேல் வெளியே நீட்டக் கூடாது; நீளம் இருமடங்கானால் வளைவு எண்மடங்காகும். தூள் உறிஞ்சும் குழாயில் உராய்வால் மின்னேற்றம் திரண்டு, நிலத்தொடர்பு சரியில்லாத இயந்திரத்தில் பொய்த்துடிப்புகளை உண்டாக்குவதும் உண்டு. பேனாச் சோதனையில் எல்லாம் சரியாக வந்து, உறிஞ்சியை இயக்கியதும் பிழை தலைகாட்டினால் எர்த் கம்பியைப் பார்ப்பதே முதல் வேலை.

இவ்வளவையும் தவிர்த்துவிட்டு, இயந்திரத்தின் பிழைக்கு ஏற்ப வரைபடத்தை 0.2 மி.மீ. கூட்டியோ குறைத்தோ திருத்தி வேலையை முடித்துக்கொள்ளும் பழக்கம் இவ்வட்டாரத்தில் வேரூன்றியிருக்கிறது. அவசர ஏற்றுமதித் தேதிகள் அதற்குக் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்தக் கோப்பு அளவு வரிசை முழுவதற்கும் அடிப்படையாகிறது. ஐரோப்பிய எண்வரிசையில் ஓர் எண்ணுக்கு மூன்றில் இரண்டு செ.மீ., அதாவது 6.67 மி.மீ. வீதம் வளர்க்கும்போது, திருத்திய பிழையும் எல்லா எண்களுக்கும் பரவுகிறது. திருகின் நட்டு மாற்றப்பட்ட அன்றோ, வேலை வாணியம்பாடியில் உள்ள வேறொரு பட்டறைக்குப் போன அன்றோ, அதுவரை சரியாக வந்த வரைபடம் தவறாக வெட்டத் தொடங்கும். எந்த எண் எதற்காகத் திருத்தப்பட்டது என்பதைச் சொல்ல அப்போது அங்கே ஆள் இருப்பதில்லை. வரைபடத்தில் கை வைப்பது பழுதுபார்ப்பாகாது.

பேலட் வாங்கும் தொழிற்சாலைகளுக்கும் இதில் பங்கு உண்டு. இடது பேலட்டின் மேல் வலது பேலட்டைக் கவிழ்த்து வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், காடிகள் முழு நீளத்துக்கும் ஒன்றன்மேல் ஒன்று ஒளி விட வேண்டும். மூலைவிட்டச் சோதனையின் அளவுத் தாளையும் உடன் கேட்டுப் பெற வேண்டும். இவ்விரண்டும் இன்றிப் பேலட்டைப் பெற்றுக்கொள்ளாதிருப்பதே நல்லது.